லெட்சுமியின் டின்

1

குளியலறையில் சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் அது கிடந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு விரல் நீளம், நடுவில் சிறிய ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு சிவப்புக் கோடு தெளிவாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால்தான் அது தெரிந்தது.

என் வயதில் உள்ள தகப்பன் ஒருவருக்கு அது என்னவென்று விளங்காமல் போயிருக்கலாம். எனக்கு விளங்காமல் போக வழியில்லை. கர்ப்பிணியின் சிறுநீரில் வரும் அந்த ஒரு ஹோர்மோனோடுதான் என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி போயிற்று. இப்போது மருந்துக்கடையில் பற்பசைக்குப் பக்கத்தில் இதை விற்கிறார்கள்.

வீட்டில் பெண்கள் மூவர். என் மனைவி இராசமணிக்கு ஐம்பது கடந்துவிட்டது. மற்ற இருவரில் ஒருத்தி என் மகள் வாசுகி, கோலாலம்பூரில் வேலை, லீவில் வந்திருக்கிறாள். இன்னொருத்தி அவளோடு வந்த சிநேகிதி மீனா. இருவருக்கும் இருபத்திரண்டு வயது. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் இராசமணியிடம் காட்டினேன். அவள் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"நேரே கேட்டால் பிள்ளை பயந்திடும். ரெண்டு பேரையும் சும்மா ஒருக்கா டாக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோவன். ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை."

ஏறக்குறைய இதே வார்த்தைகளை நான் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். பதினேழு வருடத்துக்கு முன்னால், நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்.

ஊரில் இதை வாசிக்கிற நீங்கள், பினாங்கில் இருக்கிறவன் கடலையும் கோயிலையும் பற்றி எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப்போவது சிறுநீரைப் பற்றி. மூக்கைப் பொத்துகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

கொழும்பில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இரசாயனம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் மேலே போனார்கள், நான் கதிரையைக்கூட மாற்றவில்லை. பினாங்கில் இருந்த உறவினர் ஒருவர் விளம்பரத்தை வெட்டி அனுப்பினார். கைக்குழந்தை வாசுகியோடு வந்து இறங்கினோம். ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். தினமும் காலையில் படகுத்துறைக்கு நடந்து, கப்பலேறி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கம்பெனி வேனில் வேலைக்குப் போவேன். அப்போது பாலம் இல்லை.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு ஆய்வுக்கூடம், ஒரு குளிரறை, பத்துப் பதினைந்து பேர். முதலாளி மிஸ்டர் ஓங். நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது, கணக்கானவர். கர்ப்பிணிகளின் சிறுநீரை வாங்கி, அதிலுள்ள ஹோர்மோனைப் பிரித்துத் தூளாக்கி, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்கு அனுப்புவது எங்கள் தொழில். பிள்ளை இல்லாத பெண்களுக்குக் கரு உண்டாக ஊசியாகப் போடுவார்கள். ஒரு லொறி சிறுநீரில் ஒரு தேக்கரண்டித் தூள் மிஞ்சினால் அது நல்ல நாள்.

பிரிப்பது எப்படி என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். முதலில் வெண்களிமண்ணில் ஒட்டவைத்துக் கழுவி எடுப்போம். அது இன்னும் அழுக்குத்தான். அதற்குப் பிறகுதான் என் வேலை, குரோமட்டோகிராபி. என் நெஞ்சுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், நாங்கள் கொலம் என்போம். அதற்குள் ஊறின ஜவ்வரிசி போல மணிகள். அந்த மணிகளுக்கு மின்னேற்றம் உண்டு, எதிர் ஏற்றம் உள்ளதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், தளர்வாக ஒட்டியவை முதலில் கை விடும், இறுக ஒட்டியவை கடைசியில். நமக்கு வேண்டியது நடுவில் எங்கோ வரும். அது வரும் நேரம் பார்த்துத் தனிக் குழாயில் ஏந்த வேண்டும்.

அடுத்த கொலத்தில் மணிகளில் நுண்ணிய துளைகள் இருக்கும். பெரிய மூலக்கூறுகள் துளைக்குள் புக முடியாமல் நேரே வெளியே வந்துவிடும். சின்னவை துளைக்குத் துளை புகுந்து வெளிக்கிட்டு ஆறுதலாக வரும். பெரியவர்கள் முதலில், சின்னவர்கள் கடைசியில். குடிநுழைவு அலுவலகத்திலும் இதே விதிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எல்லாம் குளிரறையில் நடக்கும். பினாங்கு வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு வேலை செய்த மனிதன் நான். கொலம் காய்ந்துவிட்டால் மணிகளுக்கு நடுவே வெடிப்பு விழுந்து முழுவதும் பாழ், ஆகவே விட்டுவிட்டு வர முடியாது. உட்கார்ந்து சொட்டு எண்ணுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போட்டது எதுவோ அதைத்தான் கொலம் பிரித்துத் தரும். அது யாருடையது என்று கேட்காது. நானும் கேட்கவில்லை.

3

சிறுநீர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும். மூன்றாம் மாதத்தை ஒட்டிய பெண்களுடையதுதான் வேண்டும், அப்போதுதான் ஹோர்மோன் உச்சத்தில் இருக்கும். ஆளுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டின் கொடுத்துவிடுவோம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வேன் போய் எடுத்துவரும். அவர்களுக்கு மாதம் ஒரு பெட்டி பால்மா.

சேகரிக்கிற வேலை புஷ்பத்துக்கு. நாற்பது வயது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எந்த வீட்டில் யார் மாதம் தள்ளிக் குளிக்காமல் இருக்கிறாள் என்பது, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசருக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரியும். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். "கதைச்சுப் போட்டு வாறன்" என்றால், "சார் கதை சொல்லப் போறாரு லா" என்று வேன்காரரிடம் சொல்லுவாள்.

டின்களில் எண்கள் மட்டும்தான் ஒட்டியிருந்தன. அந்த எண்கள் எனக்கு உறுத்தலாகவே இருந்தன. அந்த உறுத்தல் கோபமான நாள் நினைவிருக்கிறது.

வேலை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் படிவம் கொடுக்கப் போயிருந்தேன். வருடா வருடம் போக வேண்டும், பிறகு சீட்டு முடியுமுன் முதலாளியின் கடிதமும் கொடுக்க வேண்டும். விடிய எட்டு மணிக்குப் போனவனை மத்தியானம் வரை இருத்தி, பிறகு எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். படிவத்தில் இனம் என்ற இடத்தில் இலங்கைத் தமிழன் என்று எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதைச் சிவப்பு மையால் வெட்டி, 'லாயின்-லாயின்' என்று எழுதச் சொன்னாள். மற்றவை, இதர, என்று பொருள். அரிசி, பருப்பு, இதர. நான் மலாயில் எதிர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். மூன்று சொல் சரியாக வந்தது, நாலாவது வரவில்லை. அவள் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் தொழிற்சாலையில் டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு. இவர்களும் பெயருள்ள மனிதர்கள்தானே என்று நினைத்தேன். பதிவேட்டைப் பார்த்து, வெள்ளை அட்டையில் கறுப்பு மையால், அழகான தமிழ் எழுத்தில், ஒவ்வொரு டின்னிலும் பெயர் எழுதி ஒட்டினேன். லெட்சுமி. அஞ்சலை. முனியம்மா. ஓங் பார்த்துவிட்டு, எண்ணை மறைக்காத வரைக்கும் என்னவும் செய் என்றார்.

புதிய டின்களைக் கொடுக்க அன்று நானே வேனில் போனேன். நன்றியை எதிர்பார்த்துப் போனேன் என்பதுதான் உண்மை. பெண்கள் டின்னைத் திருப்பிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகக் கப்பலேறி வீட்டுக்கு வந்தேன்.

4

ஒவ்வொரு டின்னையும் சேர்த்து ஊற்றுமுன் பரிசோதிக்க வேண்டும். ஒரு டின் பச்சைத் தண்ணீர் போதும், சேர்த்து ஊற்றியது முழுவதையும் நீர்க்கச் செய்துவிடும். பரிசோதனை எளிது. சிறிய கண்ணாடிக் குழாயில் சிறுநீர் ஒரு துளி, மருந்து இரண்டு, அசைக்காமல் இரண்டு மணிநேரம் வைத்துவிட்டு, குழாய்க்கு அடியில் சாய்த்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஹோர்மோன் இருந்தால் குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் கட்டும். இல்லாவிட்டால் வளையம் இல்லை, வெறும் கலங்கல்.

லெட்சுமியின் டின் ஐந்து வாரம் நல்ல வளையம் கட்டியது. எவ்வளவு தண்ணீர் கலந்து பார்த்தாலும் கட்டியது. என் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே எல்லாம் கூட்டல் குறிதான். ஆறாவது வாரம் வளையம் மெலிந்தது. இரண்டு நாள் கழித்து இன்னும் மெலிந்தது. அதற்கடுத்த டின்னில் வளையமே இல்லை.

எனக்கு அது தெரியும். மூன்றாம் மாதத்தில் ஹோர்மோன் அப்படி விழுந்தால் உள்ளே பிள்ளை செத்துவிட்டது. தாய்க்குத் தெரியாமலே சில வாரம் உள்ளே தங்கலாம். தங்கினால் சீழ் பிடிக்கலாம், இரத்தம் நில்லாமல் போகலாம். கையோடு ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தால் ஒன்றுமில்லை, செய்யாவிட்டால் தாயும் போவாள். இது ஒரு இரசாயனக்காரன் சொல்லும் வைத்தியம், ஆனாலும் இது அந்தக் காலத்திலேயே எந்த மருத்துவத்தாதிக்கும் தெரிந்ததுதான்.

கம்பெனி விதி ஒரு வரி: வளையம் இல்லாத டின்னைக் கொட்டு, எண்ணை வெட்டு, காரணம் சொல்லாதே. பரிசோதனை முடிவு கம்பெனியின் சொத்து. வெளியே சொன்னால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் எனக்கு எப்படி, எனக்கு எப்படி என்று வாசலில் நிற்பாள் என்று ஓங் சொல்லியிருந்தார். அதில் அவரளவில் நியாயமும் இருந்தது.

ஓங்கிடம் போனேன். இது ஒரு உயிர் என்றேன். தோட்டத்துக்கு டிரெசர் இருக்கிறார், அது அவருடைய வேலை, உன் வேலை கொலம் என்றார். பிறகு, உன் அனுமதிச் சீட்டுக் கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது, இந்த வாரம் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மிரட்டினாரா, தற்செயலாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மிரட்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் பேசாமல் இருந்தேன். பயந்தேன், வேறு சொல் இல்லை. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை, ஊருக்குத் திரும்பினால் உத்தியோகம் இல்லை. அந்தப் பத்து நாளும் லெட்சுமியின் டின் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கொட்டுமுன் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் கலங்கல்தான்.

5

கடிதத்தில் கையெழுத்து விழுந்த மறுநாள் வேனில் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். என் வீரம் எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்தேன். உன் வயிற்றில் பிள்ளை இல்லை என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. நான் ஆண், அந்நியன், அதுவும் கண்ணாடி போட்ட சார். இராசமணியிடம்கூட அந்தப் பேச்சுகளை நான் பேசியதில்லை. கம்பெனி விதியும் இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன், அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

தொழிலாளர்களின் வரிசையான லயன் வீடுகளுக்கு முன்னால் புஷ்பத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்:

"லெட்சுமியை இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. முழுக்கப் பார்க்கச் சொல்லு. ஏன் எண்டு கேளாதை."

புஷ்பம் என்னை உற்றுப் பார்த்தாள். "லெட்சுமிக்கு என்னா சார்? நல்லாத்தான இருக்கு" என்றாள். கம்பெனி உத்தரவு என்று சொல்லி வாயை மூடினேன். அவள் பிறகு கேட்கவில்லை. உத்தரவு என்றால் கேட்கக்கூடாது என்று மூன்று தலைமுறையாகப் பழகிய இடம் அது.

லெட்சுமி வெளியே வந்தாள். கலகலப்பான பெண், இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரி என்றதும் முகம் மாறிவிட்டது. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள். மெலிந்த பெண், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையில் துண்டு கட்டியிருந்தாள், முகம் வெளிறியிருந்தது. போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன் என்பது போலத் தலையை ஆட்டினாள். அதுதான் அஞ்சலை. நான் அவளை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் லெட்சுமியைப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்களாம். பிள்ளை நன்றாக இருக்கிறது, இருதயம் அடிக்கிறது, எந்த முட்டாள் அனுப்பினான் என்று கேட்டார்களாம். லெட்சுமிக்கு ஒருநாள் சம்பளம் போயிற்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கம்பெனிக்குப் போன் பண்ணினார். ஓங் என்னைக் கூப்பிட்டு, இனித் தோட்டத்துப் பக்கம் கால் வைக்காதே என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறதே. பரிசோதனையில் எங்கே பிழை வந்தது என்று மருந்தை மாற்றிப் பார்த்தேன், குழாயை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. லெட்சுமியின் டின்னில் மட்டும் வளையம் இல்லை. ஆகவே அவள் ஏமாற்றுகிறாள், வயிற்றில் பிள்ளை இல்லாத எவளுடையதையோ ஊற்றி அனுப்பிவிட்டுப் பால்மா வாங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். படித்தவன் முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினேன். பால்மா நின்றது.

டின்னில் இருந்த எழுத்து என் கையெழுத்து. அதில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

6

எட்டு நாள் கழித்து டின்கள் வரவில்லை, புஷ்பம் மட்டும் வந்தாள். வேன்காரரிடம் கேட்டு ஏறி வந்திருந்தாள். ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிக் கழற்றியதில்லை.

அஞ்சலை செத்துப்போனாள் என்றாள். மூன்று நாள் காய்ச்சல். டிரெசர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நாலாம் நாள் இரத்தம். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பட்டர்வொர்த் வருவதற்கு முன்னமே முடிந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை செத்து ஒரு மாதமாவது இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் பதிவேட்டை எடுத்து அஞ்சலையின் வரியைப் பார்த்தேன். எல்லாம் கூட்டல் குறி. கடைசி டின் வரைக்கும் நல்ல வளையம். இல்லையே, அஞ்சலையின் டின்னில் ஒரு குறையும் இல்லையே என்றேன்.

புஷ்பம் பதிவேட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அது லெட்சுமியோட தண்ணி சார். லெட்சுமி டின்னுலதான் அஞ்சலை குடுத்தா."

அதன் பிறகு அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எண் மட்டும் இருந்தவரை ஒருவருக்கும் பயம் இருக்கவில்லை. நான் பெயர் எழுதிக் கொண்டுபோன அன்று பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். தலைமுடி, நகம், சிறுநீர், இவை ஆளின் பெயரோடு அந்நியன் கையில் போனால் செய்வினைக்கு வழி. அதுவும் பிள்ளைத்தாச்சியுடையது. முடியாது என்றிருக்கிறார்கள். பால்மாவும் வேண்டும், புஷ்பத்துக்கு வேலையும் போகக்கூடாது. ஆகவே புஷ்பமே வழி சொல்லியிருக்கிறாள்: பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் டின்னை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருத்தியின் பெயரில் இன்னொருத்தியின் தண்ணீர் போனால் எந்த மந்திரமும் ஒட்டாது. மூன்று நாலு தோட்டத்திலும் எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

எழுதியது நான். நானே அழகான எழுத்தில் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு சாட்டுக்காக, அன்றைக்கு நான்தானே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன் என்றேன். புஷ்பத்தின் குரல் உயரவில்லை.

"ஆளச் சொன்னீங்க சார், டின்னச் சொல்லல. தண்ணியில கண்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அஞ்சலையத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். பக்கத்துலதான நின்னுச்சு. லெட்சுமி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னுச்சே சார்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வேலைக்கு வரவில்லை. ஓங் இன்னொரு ஆளை வைத்தார். டின்களில் பெயர் அட்டைகளை நான் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன், மறுபடி எண்கள் மட்டும் இருந்தன. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விசாரணை இல்லை, கடிதம் இல்லை. என் அனுமதிச் சீட்டு அந்த வருடமும் அடுத்த வருடமும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டது.

ஒன்று மட்டும் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறேன். அஞ்சலை கொடுத்த முதல் ஐந்து வாரம் நல்ல வளையம் கட்டியது அல்லவா, அது கொட்டப்படவில்லை. மற்றவர்களுடையதோடு சேர்ந்து களிமண்ணில் ஒட்டி, என் இரண்டு கொலத்திலும் இறங்கி, தூளாகி, பனிக்கட்டிப் பெட்டியில் விமானம் ஏறிவிட்டது. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பெண்ணுக்கு அதனால் பிள்ளை பிறந்திருக்கலாம். இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

7

இப்போது சட்டைப் பைக்குத் திரும்புகிறேன்.

வாசுகியோடு நான் பேசுவது குறைவு. அவள் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. கோபம் வந்தால் ஆங்கிலம், சந்தோஷம் வந்தால் மலாய், சோறு கேட்கும்போது தமிழ். ஊரைப் பற்றி நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். கோலாலம்பூரில் அவள் யாரோடு திரிகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் 'ஃபிரண்ட்ஸ்' என்பாள், அந்தச் சொல்லுக்குள் ஒரு ஊரே அடங்கும்.

இராசமணி சொன்ன வழி லேசான வழி. இருவரையும் பொதுவாக டாக்டரிடம் அனுப்பிவிடலாம். ஒருவரும் அழ வேண்டியதில்லை, ஒருவரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியே செய்துவிட்டால் என்ன என்று ஒரு முழுக் காலை யோசித்தேன். ஆனால் அந்த இரண்டாவது கோடு மங்கலாக இருந்தது. நாள் குறைவு என்றாலும் அப்படி இருக்கும். வேறு காரணத்தாலும் அப்படி இருக்கும்.

மத்தியானம் இருவரும் மேசையில் இருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது ஆருடையது?" என்றேன்.

மீனா தட்டைப் பார்த்தாள். இராசமணி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"என்னோடது பா" என்றாள் வாசுகி. பிறகு, "ஏசுங்க லா. வெயிட் பண்ண முடியாது" என்றாள்.

யார் அவன் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைப் பிறகு கேட்கலாம். எத்தனை நாள் என்று கேட்டேன், சொன்னாள். இரத்தம் படுகிறதா என்று கேட்டேன். மகளிடம் அப்படி ஒரு கேள்வியை ஒரு தகப்பன் கேட்பான் என்று அவள் நினைத்திருக்கவில்லை, நானும் நினைத்ததில்லை. கொஞ்சம் என்றாள். முதல் கோடும் இரண்டாவது கோடும் என்ன, இரண்டாவது மங்கலாக இருந்தால் என்னென்ன இருக்கலாம், அதில் எது ஆபத்து, எதற்காக இன்றைக்கே போக வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை. அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். அஞ்சலையைப் பற்றியும் சொன்னேன். முதல் முறையாக இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னேன்.

கிளினிக்கில் தாதி ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையையும் ஒட்டுகிற தாளையும் என்னிடம் நீட்டி, "பேரு எழுதிக் குடுங்க அங்கிள்" என்றாள். பேனாவைப் பிடித்தேன். எழுத முடியவில்லை. தாதி ஒரு மாதிரியாகப் பார்த்தாள், எனக்கு எழுத்து வாசனை இல்லை என்று நினைத்திருப்பாள். பேனாவை வாசுகியிடம் கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதி, தானே ஒட்டினாள்.

கோப்பையோடு அவள் கழிவறைக்குள் போனாள். நான் எழுந்துபோய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். அங்கிள், அங்கே நிற்கக்கூடாது, உட்காருங்கள் என்று தாதி இரண்டு முறை சொன்னாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வாசுகி அதே கோப்பையோடு வெளியே வந்து, தாதியின் கையில் கொடுத்து, தாதி பெயரை வாய்விட்டு வாசிக்கிறவரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.